எவ்வளவு நினைவிருந்தால் போதும்?

ஒரு கோடி இலக்கங்கள் கொண்ட ஓர் எண். பைனரியில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதப்பட்டு, இடமிருந்து வலமாக, ஒவ்வோர் இலக்கமாகக் கண்முன் வந்து போகிறது. போனதைத் திரும்பிப் பார்க்க முடியாது, குறித்துக்கொள்ளத் தாள் இல்லை, எங்கே முடியும் என்றும் தெரியாது. முடிந்த கணத்தில் அந்த எண் மூன்றால் வகுபடுமா என்று சொல்ல வேண்டும். இதற்கு எவ்வளவு நினைவு வேண்டும்?

இதுவரை வந்த பகுதியை மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 ஆகியவற்றில் எது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பைனரி எண்ணின் வலக்கோடியில் 0 சேர்ந்தால் எண் இரட்டிப்பாகும். 1 சேர்ந்தால் இரட்டிப்பாகி ஒன்று கூடும். மீதியும் அதே கணக்கில் நகரும். மீதி 1 ஆக இருக்கும்போது 0 வந்தால் 2. 1 வந்தால் 3, அதாவது 0. மீதி 2 ஆக இருக்கும்போது 0 வந்தால் 4, அதாவது 1. 1 வந்தால் 5, அதாவது மறுபடி 2. மீதி 0 ஆக இருந்தால் வந்த இலக்கமே புதிய மீதி. ஆறே விதிகள். கோடி இலக்கம் வந்தாலும் கோடானுகோடி வந்தாலும் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இந்த மூன்று மீதிகளும் ஆறு விதிகளும் சேர்ந்ததுதான் ஒரு ஃபைனைட் ஆட்டோமேட்டன். மீதிகளுக்கு நிலைகள் என்று பெயர். தொடக்க நிலை ஒன்று, ஏற்கும் நிலை (படித்து முடிக்கும்போது அங்கே இருந்தால் பதில் ‘ஆம்’) ஒன்றோ பலவோ, எந்த நிலையில் எந்த எழுத்து வந்தால் எங்கே போவது என்ற அட்டவணை. அவ்வளவுதான் வரையறை. அது கடைசி வரை படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும் சரங்களின், அதாவது எழுத்துத்தொடர்களின், கணம் அதன் மொழி. இப்படி ஏதாவது ஒரு ஃபைனைட் ஆட்டோமேட்டனால் ஏற்கப்படும் மொழி ரெகுலர் மொழி.

கணினி அறிவியல் படித்த பலருக்கு இந்தப் பாடம் வட்டங்களும் அம்புக்குறிகளுமாகத்தான் நினைவில் நிற்கிறது. வட்டம் போடு, அம்பு போடு, இரட்டை வட்டம் போடு. இப்படித் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிலை என்பது வரைகிறவர் தன் விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு வட்டம் என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. உண்மையில் நிலைகள் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. நாம் இயந்திரம் வரைவதற்கு முன்பே அவை அங்கே இருக்கின்றன. கணிதவியலாளர்கள் ஜான் மைஹில், அனில் நெரோட் இருவரும் 1957, 1958 ஆண்டுகளில் காட்டியது இதைத்தான். இந்தத் துறையில் ஒரே ஒரு தேற்றத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அவர்களுடையதைத்தான் எடுப்பேன்.

அவர்கள் கேட்ட கேள்வி இது. இரண்டு வெவ்வேறு தொடக்கங்களைப் படித்திருக்கிறேன். இனி என்ன வந்தாலும், அந்த இரண்டுக்கும் தீர்ப்பு ஒன்றாகவே இருக்குமா? இருக்கும் என்றால் அவற்றைப் பிரித்து நினைவில் வைக்கத் தேவையே இல்லை. இரண்டும் ஒரே நிலை. மாறாக, பின்னால் ஏதாவது ஒரு தொடர்ச்சியைச் சேர்த்தால் ஒன்று ஏற்கப்பட்டு மற்றது தள்ளப்படுமானால், அந்த இரண்டையும் எந்த இயந்திரமும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் கட்டாயம் வேறு வேறு நிலைகள். கடந்த காலத்தை எதிர்காலத்தின் கண்ணால் பார்த்து வகைபிரிப்பது இது. அப்படிப் பிரித்ததில் எத்தனை வகை கிடைக்கிறதோ, குறைந்தபட்சம் அத்தனை நிலைகள் வேண்டும், அத்தனையே போதும். வகைகள் முடிவுள்ள எண்ணிக்கையில் இருந்தால் மொழி ரெகுலர். முடிவில்லாமல் போனால் ரெகுலர் இல்லை. நடுவில் வேறு நிபந்தனை எதுவும் கிடையாது.

மூன்றால் வகுபடும் கணக்கில் வைத்துப் பாருங்கள். மீதி 0 தருவதை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்க எதையும் சேர்க்கவே வேண்டாம். இப்போதே தீர்ப்பு வேறு. மீதி 1 தருவதையும் மீதி 2 தருவதையும் பிரிக்க ஒரு 1 சேர்த்தால் போதும்: முதலாவது 0 ஆகும், இரண்டாவது 2 ஆகவே நிற்கும். ஆக மூன்று வகை. இரண்டு நிலைகளில் இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை எவ்வளவு சாமர்த்தியசாலியாலும் கட்ட முடியாது.

முடியாது என்று நிறுவ இதைவிடத் தெளிவான வழியை நான் பார்த்ததில்லை. சில ‘க’ வந்து, பிறகு சரியாக அதே எண்ணிக்கையில் ‘ச’ வரும் சரங்களை எடுத்துக்கொள்வோம். மூன்று ‘க’ படித்த நிலையும் ஐந்து ‘க’ படித்த நிலையும் ஒன்றாக இருக்க முடியுமா? பின்னால் மூன்று ‘ச’ சேர்த்தால் முதலாவது சரி, இரண்டாவது தவறு. ஆகவே முடியாது. மூன்றுக்கும் ஐந்துக்கும் சொன்னது எந்த இரண்டு எண்ணிக்கைக்கும் பொருந்தும். வகைகள் முடிவில்லாமல் போகின்றன. மொழி ரெகுலர் இல்லை. நிறுவல் முடிந்தது. அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டிருக்கின்றனவா என்பதை ஃபைனைட் ஆட்டோமேட்டன் பார்த்துச் சொல்ல முடியாததற்கும் இதே காரணம்தான்.

வகுப்புகளில் இதற்குப் பம்பிங் லெம்மாவைச் சொல்லித்தருகிறார்கள். ஏதோ ஒரு நீளம் உண்டு, அதைத் தாண்டிய எந்தச் சரத்துக்கும் ஏதோ ஒரு பிரிப்பு உண்டு, அதன் நடுப்பகுதியை எத்தனை முறை திரும்பச் சொன்னாலும் சரம் மொழிக்குள்ளேயே இருக்கும் என்று போகும் அந்தக் கூற்றில் ‘எந்த’வும் ‘ஏதோ’வும் மாறி மாறி வந்து மாணவர்களைத் திணறடிக்கின்றன. அது ஒருவழிப் பாதை வேறு: ரெகுலர் அல்லாத சில மொழிகளும் அந்தச் சோதனையில் தேறிவிடும். மைஹில், நெரோட் தேற்றத்தில் அந்தக் குறை கிடையாது. அது இரு பக்கமும் சரியாக வெட்டுகிறது. ஏன் முடியாது என்ற காரணமும் கையில் கிடைக்கிறது. பம்பிங் லெம்மாவை இரண்டாவதாகச் சொல்லித்தந்தால் பாதிப் பேருக்கு இந்தப் பாடம் பிடித்துப்போகும் என்பது என் நம்பிக்கை.

கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல ஆசை. வெண்பாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்ற தளை விதிக்கு நினைவில் வேண்டியது கடைசியாக வந்த சீரின் வகை மட்டும். அடிக்கு நான்கு சீர் என்பதற்கு அடிக்குள் எத்தனையாவது இடம் என்று தெரிந்தால் போதும். ஈற்றடி மூன்று சீரில், நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். கலிவெண்பா எத்தனை அடி நீண்டாலும் இதே கைப்பிடி அளவு நினைவு போதும். சீர் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாக வைத்தால், இந்த விதிகளுக்கு உட்பட்ட சீர்த்தொடர்கள் ஒரு ரெகுலர் மொழி. எதுகையைச் சேர்த்தாலும் அப்படியே. முந்தைய அடியின் இரண்டாம் எழுத்தை நினைவில் வைக்க வேண்டும். எழுத்துகள் முடிவுள்ளவை என்பதால் நிலைகள் பெருகுமே தவிர முடிவில்லாமல் போகாது. நிறைய நினைவு, முடிவில்லாத நினைவு என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தத் துறையின் எல்லைக்கோடு.

இந்தக் கருத்து பிறந்த இடம் கணினி அல்ல, மூளை. நரம்பியல் ஆய்வாளர் வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸ் என்ற மிக இளம் தர்க்கவியலாளரும் 1943 இல் நரம்பணுக்களை ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் எளிய உறுப்புகளாக எடுத்துக்கொண்டு, அவற்றின் வலைப்பின்னல் என்ன கணக்கிடும் என்று எழுதினார்கள். 1951 இல் ராண்ட் நிறுவனத்தில் இருந்தபோது ஸ்டீபன் கிளீனி அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு கேட்டார்: இப்படிப்பட்ட வலைப்பின்னல் எந்தெந்த நிகழ்வுத் தொடர்களை அடையாளம் காண முடியும்? அவர் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒற்றை எழுத்துகளில் தொடங்கி மூன்றே செயல்களால் கட்டக்கூடியவை மட்டும்: இதுவோ அதுவோ, இதன்பின் அது, இது எத்தனை முறை வேண்டுமானாலும். கடைசிச் செயலுக்குத்தான் நட்சத்திரக் குறி. இன்று நாம் தேடல் பெட்டியில் போடும் ரெஜெக்ஸ் (தேடும் சரத்தின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) நட்சத்திரம், நரம்பு வலைப்பின்னலைப் பற்றிய அந்த ஆய்விலிருந்து வந்தது. கட்டுரை 1956 இல், கிளாட் ஷானனும் ஜான் மெக்கார்த்தியும் தொகுத்த நூலில் அச்சானது.

1957 கோடையில் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1959 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விசித்திரமான இயந்திரம் வருகிறது. ஒரே நிலையில் ஒரே எழுத்துக்கு அது பல நிலைகளுக்குப் போகலாம். எந்தப் பாதையாவது ஒன்று ஏற்கும் நிலையில் முடிந்தால் சரம் ஏற்கப்பட்டது. எந்தப் பாதை என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இதுதான் என்.எஃப்.ஏ. (நான்டிடெர்மினிஸ்டிக் ஃபைனைட் ஆட்டோமேட்டன்); திட்டவட்டமாக நகரும் பழைய இயந்திரம் டி.எஃப்.ஏ. (டிடெர்மினிஸ்டிக் ஃபைனைட் ஆட்டோமேட்டன்). இந்தக் கட்டுரைக்காக இருவருக்கும் 1976 இல் டூரிங் விருது கிடைத்தது.

என்.எஃப்.ஏ.வுக்குக் கூடுதல் சக்தி இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை என்று அவர்கள் நிறுவினார்கள். வழி இதுதான்: எந்தப் பாதையில் இருக்கிறோம் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, இப்போது எந்தெந்த நிலைகளிலெல்லாம் இருக்கக்கூடும் என்ற கணத்தையே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எழுத்து வந்தால் கணம் முழுவதும் ஒருசேர நகரும். நிலைகள் முடிவுள்ளவை என்றால் அவற்றின் துணைக்கணங்களும் முடிவுள்ளவையே. ஆக ஒவ்வொரு துணைக்கணத்தையும் ஒரு நிலையாக வைத்து ஒரு டி.எஃப்.ஏ. கிடைத்துவிடுகிறது.

சக்தி ஒன்றுதான்; செலவு ஒன்றல்ல. முடிவிலிருந்து எண்ணினால் இருபதாவது இலக்கம் 1 ஆக உள்ள சரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஃப்.ஏ.வுக்கு 21 நிலைகள் போதும்: ஏதோ ஒரு 1 வரும்போது ‘இதுதான் அது’ என்று துணிந்து, பிறகு பத்தொன்பது இலக்கம் எண்ணிவிட்டு நின்றுவிடும். டி.எஃப்.ஏ.வுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. சரம் எப்போது முடியும் என்று தெரியாததால் கடைசி இருபது இலக்கங்களையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். எந்த இரண்டு வெவ்வேறு இருபது இலக்கத் தொடர்களையும், பின்னால் தேவையான அளவு இலக்கம் சேர்த்துப் பிரித்துவிடலாம். ஆகவே நெரோட் கணக்குப்படி 10,48,576 நிலைகள், ஒன்றுகூடக் குறையாது. அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, தொடக்கத்திலிருந்து இருபதாவது இலக்கம் 1 ஆக உள்ளவை என்று கேட்டால் டி.எஃப்.ஏ.வுக்கும் 22 நிலைகள் போதும். படிக்கும் திசை மாறினால் நினைவின் அளவு இப்படித் தலைகீழாக மாறுகிறது.

எல்லா மொழிக்கும் இப்படி ஆவதில்லை. முதலில் பார்த்த மூன்றால் வகுபடும் எண்கள் எந்தத் திசையில் படித்தாலும் அதே மூன்று நிலைகளுக்குள் அடங்குகின்றன. பைனரியில் எழுதிய மூன்றின் மடங்கைத் திருப்பி எழுதினால் அதுவும் மூன்றின் மடங்கே. 39 என்பது 100111; திருப்பினால் 111001, அதாவது 57. இரண்டும் மூன்றால் வகுபடும்.

திசை என்ற இந்த விஷயத்தில் யானுஷ் பிரசோசோவ்ஸ்கி 1962 இல் கண்டது ஒன்று உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு ஆட்டோமேட்டனை எடுத்து அம்புகளையெல்லாம் திருப்பிப் போட்டு, தொடக்க நிலையையும் ஏற்கும் நிலைகளையும் இடம் மாற்றுங்கள். அதைத் துணைக்கண முறையில் டி.எஃப்.ஏ. ஆக்குங்கள், மறுபடி திருப்புங்கள், மறுபடி டி.எஃப்.ஏ. ஆக்குங்கள். வந்து நிற்பது மூல மொழிக்கான மிகச் சிறிய டி.எஃப்.ஏ. எதையும் ஒப்பிடவில்லை, எந்த நிலையையும் வேண்டுமென்று இணைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் போய்ச்சேர முடியாத துணைக்கணங்களை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். இடையில் நிலைகள் மளமளவென்று பெருகக்கூடும் என்பதால் நடைமுறையில் ஹாப்கிராஃப்ட் 1971 இல் தந்த வேகமான முறையைப் போன்றவைதான் பெரும்பாலும் ஏற்றவை. ஆனால் அழகு என்று பார்த்தால் எனக்கு இதுதான்.

இவ்வளவு சின்ன இயந்திரத்தின் மேல் இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைக்கிறது. இது எதையாவது ஏற்குமா? தொடக்க நிலையிலிருந்து ஏற்கும் நிலைக்குப் பாதை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு ஆட்டோமேட்டாக்கள் ஒரே மொழியைத்தான் ஏற்கின்றனவா? ஒன்று ஏற்று மற்றது தள்ளும் சரங்களுக்கு ஓர் இயந்திரம் கட்டி, அது காலியா என்று பாருங்கள். முடிவில்லாத நினைவு கொண்ட, எந்த நிரலையும் ஓட்டக்கூடிய டூரிங் இயந்திரங்களுக்கு வந்தால் நிலைமை வேறு: நிரல் என்ன கணக்கிடுகிறது என்பதைப் பற்றிய எந்தக் கேள்வியையும், விடை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றிருக்கும் அற்பமான கேள்விகளைத் தவிர, பொதுவாகத் தீர்க்க முடியாது என்பது ரைஸ் தேற்றம்.

நம் கணினிகளும் முடிவுள்ள நினைவகம் உடையவைதானே, அவையும் ஃபைனைட் ஆட்டோமேட்டாதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஒரே ஒரு கிலோபைட் நினைவகத்தில் 8,192 பிட்கள் இருக்கின்றன. அதன் நிலைகளின் எண்ணிக்கையை எழுத 2,467 இலக்கங்கள் வேண்டும். முடிவுள்ளது என்பதால் மட்டும் அலசித் தீர்த்துவிட முடியாது.

இனி நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1968 இல் கென் தாம்சன் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். ரெஜெக்ஸை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திரக் குறிமுறையாக மாற்றி, என்.எஃப்.ஏ. இருக்கக்கூடிய நிலைகளின் கணத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் நகர்த்திக்கொண்டே போகும் முறை அது. ராபினும் ஸ்காட்டும் சொன்ன துணைக்கண முறைதான், ஆனால் டி.எஃப்.ஏ.வை முழுதாகக் கட்டாமல் தேவைப்பட்ட கணத்தை மட்டும் அவ்வப்போது கணக்கிடுவது. வேலையின் அளவு சரத்தின் நீளத்தையும் ரெஜெக்ஸின் நீளத்தையும் பெருக்கினால் வருவதைத் தாண்டாது.

அப்புறம் வந்த பல நிரல்மொழிகளின் ரெஜெக்ஸ் நூலகங்கள் இதைப் பின்பற்றவில்லை. ஒரு பாதையைத் தேர்ந்து போய்ப் பார்ப்பது, தோற்றால் பின்வாங்கி அடுத்த பாதை என்று அவை வேலை செய்கின்றன. பெரும்பாலும் வேகமாகவே ஓடும். ஆனால் (க|க)*ச, அதாவது ‘க’வோ ‘க’வோ எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து பிறகு ஒரு ‘ச’, என்ற ரெஜெக்ஸை முப்பது ‘க’ மட்டுமே உள்ள ஒரு சரத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு ‘க’வுக்கும் இரண்டு வழி, கடைசியில் ‘ச’ இல்லாததால் எல்லா வழியும் தோல்வி. எளிய பின்வாங்கும் முறை நூறு கோடிக்கு மேற்பட்ட பாதைகளைப் போய்ப் பார்க்கும். தாம்சன் முறைக்கு அந்தப் பாதைகள் எல்லாம் ஒரே சிறு கணத்துக்குள் அடக்கம்.

2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு சாதாரண ரெஜெக்ஸ், நடுவில் சுமார் 20,000 வெற்றிட எழுத்துகள் கொண்ட ஒரு பதிவில் மாட்டிக்கொண்டது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கித் தோற்று, அடுத்த இடத்திலிருந்து மறுபடி; ஏறத்தாழ இருபது கோடி ஒப்பீடுகள். 2019 ஜூலை 2 அன்று, பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை உலகெங்கும் 27 நிமிடம் தடுமாறியதற்கும் அதன் பாதுகாப்பு விதிகளில் இருந்த ஒரு ரெஜெக்ஸே காரணம், சிக்கல் .*.*=.* (புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும்) என்ற வடிவம் கொண்ட ஒரு துண்டில் இருந்தது. அதன்பின் நேர உத்தரவாதம் தரும் எஞ்சினுக்கு மாறப்போவதாக அந்த நிறுவனம் எழுதியது. அப்படிப்பட்ட எஞ்சின்கள் இன்று இருக்கின்றன: ரஸ் காக்ஸ் உருவாக்கிய ஆர்இ2, கோ மொழியின் நூலகம், ரஸ்ட் மொழியின் நூலகம். மூன்றும் 1968 இன் வழியில் நிற்பவை.

பின்வாங்கும் முறைக்கு ஒரு நியாயம் உண்டு. முன்பு பொருந்திய துண்டே மறுபடி வர வேண்டும் என்று கேட்கும் வசதியைத் தர அது உதவுகிறது. ஆனால் அந்தத் துண்டு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அதை நினைவில் வைக்க முடிவுள்ள நிலைகள் போதாது. அந்த வசதி சேர்ந்த கணமே நாம் ரெகுலர் மொழிகளின் எல்லையைத் தாண்டிவிட்டோம். பொருத்திப் பார்ப்பது என்பி-கடினமாகிவிடுகிறது, அதாவது எப்போதும் வேகமாக முடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகையில் சேர்ந்துவிடுகிறது. தேவைப்படுகிறவர்கள் பயன்படுத்தட்டும். அதை ஒரு முறைகூடத் தொடாத ரெஜெக்ஸுக்கும் அதன் விலையை வாங்குவது எனக்கு ஏற்பில்லை.

எல்லாம் தீர்ந்துபோன துறை என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. யான் செர்னி 1964 இல் தொடங்கிவைத்த கேள்வியை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அது மறதியைப் பற்றியது. ஒரு டி.எஃப்.ஏ. எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அதை ஒரே நிலையில் கொண்டுவந்து நிறுத்தும் சரம் இருக்கிறதா? எல்லா டி.எஃப்.ஏ.வுக்கும் இருக்காது. இருக்கும் டி.எஃப்.ஏ.க்களில், நிலைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வர்க்கமாக்கினால் வரும் நீளத்துக்குள் அப்படி ஒரு சரம் எப்போதும் கிடைக்குமா? கிடைக்கும் என்பது செர்னியின் பெயரால் வழங்கும் ஊகம். நிறுவப்பட்ட வரம்புகள் இன்னும் வர்க்கத்துக்கு இறங்கவில்லை. நிலைகளின் எண்ணிக்கையுடைய கனத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்ற இடத்திலேயே அவை நிற்கின்றன.

செர்னி தந்த உதாரணத்தை நான்கு நிலைகளுக்கு எழுதுகிறேன். நிலைகள் 0, 1, 2, 3. ‘க’ வந்தால் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். 3 இலிருந்து 0 க்கு. ‘ச’ வந்தால் 3 மட்டும் 0 க்குப் போகும், மற்றவை அசையாது. இப்போது சகககசகககச என்ற ஒன்பது எழுத்துகளை ஊட்டுங்கள். எல்லா நிலைகளிலும் தொடங்கினால், முதல் ‘ச’வுக்குப் பின் மிஞ்சுபவை 0, 1, 2. மூன்று ‘க’வுக்குப் பின் 3, 0, 1. அடுத்த ‘ச’வில் 0, 1. மறுபடி மூன்று ‘க’: 3, 0. கடைசி ‘ச’வில் 0 மட்டும். எட்டு எழுத்துகளில் இதைச் செய்ய முடியாது. நான்கு நிலைகளுக்குக் காலியல்லாத துணைக்கணங்கள் பதினைந்துதான். அவற்றைத் தாளில் எழுதி அம்புகளைப் போட்டால் யாரும் கையாலேயே சரிபார்த்துவிடலாம்.